கையெழுத்துப் போட ஆளில்லாத கடிதம்



அரசு அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவு என்றதும் பலருக்கும் ரோபோ நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது ஒரு வகுத்தல் கணக்கைப் பற்றி.

ஆஸ்திரேலியாவில் சென்டர்லிங்க் என்றோர் அரசு அமைப்பு இருக்கிறது. வேலையில்லாதவர்கள், மாணவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் எல்லோருக்கும் உதவித்தொகை வழங்குவது அதுதான். 2016-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து கடிதங்கள் குவியத் தொடங்கின. சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் தகுதிக்கு மேல் பணம் வாங்கியிருக்கிறீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்பது அவற்றின் சாரம்.

கணக்கு இப்படித்தான் போடப்பட்டது. அங்கே உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. ஒரு மாணவி ஜூலை முதல் டிசம்பர் வரை வேலையில்லாமல் உதவித்தொகை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் வேலை கிடைக்கிறது, உதவித்தொகையை நிறுத்திக்கொள்கிறாள். ஜூன் முடிய 26,000 டாலர் சம்பாதிக்கிறாள். வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு மொத்தம் மட்டும். கணினி அதை 26 ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு ஆயிரம் டாலர் என்று ஆண்டு முழுவதும் பரப்பிவிட்டது. ஆக, வேலையே இல்லாமல் இருந்த மாதங்களிலும் அவள் ஆயிரம் டாலர் சம்பாதித்து மறைத்தவள் ஆகிவிட்டாள். வகுத்தலில் பிழையே இல்லை. விடை மட்டும் பொய்.

முன்பெல்லாம் இப்படி முரண்பாடு தெரிந்தால் அலுவலர் ஒருவர் வேலை கொடுத்தவரிடம் விசாரிப்பார். அப்படி ஆண்டுக்குச் சுமார் இருபதாயிரம் பேரின் கணக்குகள் பார்க்கப்பட்டன. புதிய முறையில் வாரத்துக்கே இருபதாயிரம் கடிதங்கள். விசாரிக்கும் அலுவலர் போய்விட்டார். கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை குடிமக்கள் தலையில் ஏறியது. ஆறு வருடத்துக்கு முன் வேலைபார்த்த காப்பிக்கடையின் சம்பளச் சீட்டை எங்கே போய்த் தேடுவது? கடையே மூடப்பட்டிருக்கலாம். முதலில் போன கடிதங்களில் இதற்கென இருந்த உதவித் தொலைபேசி எண்கூட இல்லை. பலருடைய கடனோடு பத்து சதவீத அபராதமும் சேர்ந்தது. வசூலுக்குத் தனியார் நிறுவனங்கள் வந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் பின்னாளில் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள்.

மக்கள் இதற்கு 'ரோபோடெட்', அதாவது ரோபோக் கடன் என்று பெயர் வைத்தார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்தச் சராசரிக் கணக்கு சட்டத்துக்கு ஒத்துவராது என்று 2014 கடைசியிலேயே அரசின் சொந்தச் சட்ட அலுவலர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2017-இல் தீர்ப்பாய உறுப்பினர் டெர்ரி கார்னி, இப்படிக் கடன் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மீண்டும் மீண்டும் தீர்ப்பு எழுதினார். துறை மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் விஷயம் மேல்நிலைக்குப் போய் ஊருக்கே தெரிந்திருக்கும். அந்தத் தீர்ப்புகள் கோப்பிலேயே கிடந்தன. கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் அரசு தவற்றை ஒப்புக்கொண்டது. திட்டம் 2020-இல் நின்றது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த கூட்டு வழக்கின் சமரசத்தில், திருப்பித் தந்த பணமும் தள்ளுபடி செய்த கடனும் உட்பட ஏறத்தாழ 180 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு அரசு இசைந்தது. இதை விசாரித்த கேத்தரின் ஹோம்ஸ் ஆணையத்தின் அறிக்கை 2023 ஜூலையில் வெளிவந்தது. அது, திட்டம் கொடூரமானது, நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்று முடிவுகட்டி 57 பரிந்துரைகளைத் தந்தது.

இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லை. பள்ளிப் பிள்ளை தாளில் போட்டுச் சரிபார்க்கக்கூடிய கணக்கை நிறுத்தவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அப்படியிருக்க, செயற்கை நுண்ணறிவு வந்தால்? தானாகக் கற்றுக்கொள்ளும் மென்பொருள் எப்படி ஒரு முடிவுக்கு வந்தது என்பதை அதை எழுதியவராலேயே பல நேரம் விளக்க முடியாது. அதன் பேரில் வரும் கடிதத்தை யார், எதை வைத்து எதிர்ப்பது?

ஆஸ்திரேலிய அரசு 2024 செப்டம்பர் முதல் புதிய கொள்கை ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு துறையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும்; அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று மக்களுக்கு அறிக்கை வெளியிட வேண்டும். நல்ல தொடக்கம்தான். ஆனால் துறை பொதுவாக வெளியிடும் அறிக்கை, கடன் கடிதத்தோடு நிற்கும் அந்த மாணவிக்குப் போதாது. அவளுக்கு வேண்டியது தன் கணக்குக்குப் பதில் சொல்லும் ஓர் ஆள்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. இத்தகைய மென்பொருளை மக்களிடம் கொண்டுபோகும் முன் மதிப்பெண் போட்டுச் சோதிக்க வேண்டும் என்கிறது அது. அதைவிடப் பழைய ஆயுதம் ஒன்றும் நம் கையில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நான்காம் பிரிவு. நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தை அலுவலகம் சொல்லியாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'கணினி அப்படித்தான் காட்டுகிறது' என்பது காரணம் ஆகாது. உங்கள் ஓய்வூதியமோ உதவித்தொகையோ ரேஷன் அட்டையோ திடீரென நின்றால், எந்தத் தகவலின் பேரில், எந்த அலுவலரின் முடிவால் நின்றது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.