கை நடுங்கவே இல்ல, ஆனா பார்க்கின்சன்

இந்த எபிசோடை வடசேரியில, என் மாமா வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். இன்னைக்குப் பேசப் போற விஷயம் கீழ் ரூம்ல இருக்கிற அவரைப் பத்தினது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். "பேரு மட்டும் சொல்லாத மக்ளே"ன்னாரு. சொல்லல.

மாமா கோயில் நகை செய்யிறவரு. பரதநாட்டியம் ஆடுறவங்க தலையில வைக்கிற ராக்கொடி, நெத்திச்சுட்டி, இடுப்புல கட்டுற ஒட்டியாணம் எல்லாம் வடசேரியில தலைமுறை தலைமுறையா செய்யிற வேலை. நாகர்கோவில் கோயில் நகைன்னு புவிசார் குறியீடும் இருக்கு. சிவப்புக் கெம்புக்கல்லை ஒவ்வொண்ணா எடுத்துப் பதிக்கணும். மில்லிமீட்டர் கணக்கு வேலை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, அவருக்கு 58 வயசுல, அந்த வேலை மெதுவாச்சு. கை நடுங்கல. ஒரு நாள்ல முடிக்கிறது மூணு நாள் இழுத்துச்சு. "வயசாயிட்டுல்லா" அப்படின்னாரு. நாங்களும் ஆமான்னுட்டோம். அப்புறம் வலது தோள் பிடிச்சுக்கிச்சு. ஒரு ஆஸ்பத்திரியில ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்லி பிசியோதெரபி கொடுத்தாங்க. எட்டு மாசம் போனாரு. தோள் கொஞ்சம் தளர்ந்துச்சு, வேலை இன்னும் மெதுவாச்சு. அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். பார்க்கின்சன் சில பேருக்குத் தோள் வலியாத்தான் முதல்ல தலை காட்டும்.

கடைசியில திருவனந்தபுரத்துல ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்னு பெரிய ஃபைலோட போனா, அவங்க அதைத் தொடவே இல்ல. மாமாவைப் பாத்தாங்க. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாத் தட்டச் சொன்னாங்க. இடது கை நல்லாத் தட்டுச்சு. வலது கை நாலஞ்சு தட்டுக்கு அப்புறம் சின்னதாகி, தயங்கி, நின்னு போச்சு. மணிக்கட்டைப் பிடிச்சு அசைச்சுப் பாத்தாங்க. வழுக்கிட்டுப் போகாம, பல்சக்கரம் மாதிரி கடக் கடக்னு நின்னு நின்னு வந்துச்சு. வராந்தாவுல நடக்கச் சொன்னாங்க. இடது கை வீசுச்சு, வலது கை உடம்போட ஒட்டிக்கிட்டே போச்சு. ஒரு வரி எழுதச் சொன்னாங்க. பெரிசா ஆரம்பிச்ச எழுத்து வரி முடியுறதுக்குள்ள எறும்பு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் அத்தைகிட்ட கேட்ட கேள்விகள்தான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "வாசனை தெரியுதா?" அத்தை சொன்னாங்க: "வீட்டுக்குள்ள சக்கைப்பழம் பழுத்துக் கிடந்துது டாக்டர், இவருக்கு மணமே தெரியல." அது நடந்து அஞ்சாறு வருஷம் இருக்கும். "தூக்கத்துல கத்துவாரா, கை கால் வீசுவாரா?" ஆமா. கனவுல யாரையோ அடிக்கிறேன்னு அத்தையை அடிச்சிருக்காரு. அதனால அத்தை எப்பவோ தரையில பாய் விரிச்சுப் படுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இது ஒரு நோயோட அறிகுறின்னு வீட்ல யாருக்கும் தோணல. எனக்குமே சிரிப்புக் கதையாத்தான் சொல்லியிருக்காங்க. மலச்சிக்கலும் இருந்திருக்கு. மூணுமே கை மெதுவாகிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே வரக்கூடியது.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். பார்க்கின்சன்னா நடுக்கம்னு நாம நினைக்கிறோம். டாக்டர்களுக்கு முதல் அடையாளம் மெதுவாகிறது. அதோட விறைப்போ, சும்மா வச்சிருக்கும்போது வர்ற நடுக்கமோ சேரணும். நடுக்கமே இல்லாத நோயாளிங்க கணிசமா இருக்காங்க. டீ கிளாஸைத் தூக்கும்போது மட்டும் கை ஆடுற பெரியவங்களுக்குப் பெரும்பாலும் இருக்கிறது வேற ஒரு நடுக்கம். 1817-ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பத்தி எழுதினப்போ அவர் விவரிச்சது மொத்தம் ஆறு பேரைத்தான். அதுல சிலரைத் தெருவுல பாத்ததோட சரி. 200 வருஷம் கழிச்சும் டாக்டரோட கண்ணுதான் முக்கியமான கருவியா இருக்கு. எம்ஆர்ஐ எடுக்கிறது பெரும்பாலும் வேற நோய் இல்லைன்னு பாக்கத்தான்.

டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வி: "வயித்துக்கு, தலைசுத்தலுக்கு என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கிற சில கேப்சூல்ல லெவோசல்பிரைட் சேர்ந்திருக்கும். தலைசுத்தலுக்குச் சின்னரிசின் கொடுப்பாங்க. இதெல்லாம் டோபமைன் வேலையைத் தடுக்கும். மாசக்கணக்கா சாப்பிட்டா அசல் பார்க்கின்சன் மாதிரியே ஆகலாம். நிறுத்தினா பெரும்பாலும் சரியாகும், ஆனா சில மாசம் பிடிக்கும். மெடிக்கல் ஷாப்ல பழைய சீட்டைக் காட்டி வாங்கிட்டே இருக்கிறவங்க எங்க தெருவுலயே நாலு பேர் இருக்காங்க. உங்க வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

மாமாவுக்கு அது காரணம் இல்ல. மூளையோட அடிப்பகுதியில சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு ஒரு கறுப்பான இடம் இருக்கு. டோபமைன் தயாரிக்கிற செல்கள் அங்க செத்துட்டு வருது. வெளிய தெரியறதுக்குள்ள ஏறக்குறைய பாதி போயிடும். டோபமைனை மாத்திரையாக் கொடுத்தா அது ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ள போய் டோபமைனா மாறும். வழியிலேயே மாறிடாம இருக்கக் கூடவே கார்பிடோபா. மாமாவுக்கு மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம் சட்டைப் பட்டனைத் தானே போட்டாரு. அத்தை அழுதுட்டாங்க.

அஞ்சாறு மாசம் நல்லாப் போச்சு. அப்புறம் திடீர்னு தலை, தோளெல்லாம் தானா நெளிய ஆரம்பிச்சுது. எழுந்து நின்னா தலைசுத்தல். நோய் முத்திடுச்சுன்னு நான் பயந்து லீவு போட்டு வந்தா, அலமாரியில ஒரு டப்பா. பூனைக்காலி விதைப் பொடி. யாரோ சொந்தக்காரர் "இது இயற்கை"ன்னு கொடுத்திருக்காரு. மாமா தினமும் ரெண்டு வேளை, வேளைக்கு ஒரு ஸ்பூன், மாத்திரையோட.

மூடநம்பிக்கைன்னு நான் கத்தினேன். கத்தினது தப்பு. ராத்திரி உக்காந்து தேடினப்போதான் தெரிஞ்சுது. பூனைக்காலி விதையில இருக்கிறதே லெவோடோபாதான். அதைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில! 1937-ல சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்துல எம். தாமோதரன், ஆர். ராமசாமின்னு ரெண்டு பேர் அந்த விதையில இருந்து லெவோடோபாவைப் பிரிச்சு எடுத்து, பயோகெமிக்கல் ஜர்னல்ல எழுதியிருக்காங்க. அது எந்த நோய்க்கு மருந்துன்னு அப்போ உலகத்துல யாருக்கும் தெரியாது. 1957-ல ஸ்வீடன்ல ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து முயலை அசையாம ஆக்கி, டோபா ஊசி போட்டு மறுபடி ஓட வச்சாரு. அந்த ரெசர்பினும் நம்ம சர்ப்பகந்தாச் செடியில இருந்து வந்ததுதான். 1960-ல வியன்னாவுல ஹார்னிகீவிச், இறந்தவங்க மூளையில டோபமைன் குறைஞ்சிருக்கிறதைக் காட்டினாரு. 1967-ல அமெரிக்காவுல ஜார்ஜ் கோட்ஸியாஸ் டோசைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொடுத்து, அதை நடைமுறைக்கு ஏத்த மருந்தாக்கினாரு. சென்னைக் கண்டுபிடிப்புக்கும் அதுக்கும் நடுவுல 30 வருஷம்.

அப்போ பொடி சாப்பிட்டா என்ன? கணக்குப் போட்டுப் பாத்தேன். விதையில சுமாரா 3 முதல் 6 சதவீதம் லெவோடோபா. 5 கிராம் ஸ்பூன்ல 150 முதல் 300 மில்லிகிராம். மாமாவோட மாத்திரையில இருக்கிறது 100. அதாவது ஒவ்வொரு ஸ்பூனும் கூடுதலா ஒண்ணரை முதல் மூணு மாத்திரை. மாத்திரையில இருக்கிற கார்பிடோபா இந்தப் பொடியையும் காப்பாத்தி மூளைக்கு அனுப்பிடும். உடம்பு நெளிஞ்சது நோயால இல்ல, மருந்து கூடினதால. நம்ம மாவட்டத்து மலையில காணிக்கார மக்கள் இந்த விதையைச் சாப்பிடுறாங்க, ஆனா பலமுறை வேகவச்சுத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான். அதோட பலம் அவங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. 2004-ல லண்டன்ல எட்டு நோயாளிகளுக்கு இந்த விதைப் பொடியைக் கொடுத்துப் பாத்தாங்க. 30 கிராம் அளவு, வழக்கமான மாத்திரையை விட வேகமா வேலை செஞ்சுது. அதனால இது வேலை செய்யாத பொருள்னு என்னால சொல்ல முடியாது. டப்பாவுக்கு டப்பா அளவு மாறுது, டாக்டருக்குத் தெரியலைங்கிறதுதான் என் பிரச்சினை.

ஆராய்ச்சி எங்க நிக்குதுன்னு கேட்டீங்கன்னா, செல் சாகிறதை நிறுத்துற மருந்து இன்னும் இல்ல. ஆனா கண்டுபிடிக்கிறதுல நகர்ந்திருக்கு. ஆல்ஃபா சைனுக்ளீன்னு ஒரு புரதம் தப்பா மடிஞ்சு மூளை செல்லுல கட்டி கட்டியாச் சேருது. 2023-ல 1,123 பேரை வச்சு வந்த ஒரு ஆய்வுல, தண்டுவட நீர்ல அந்தப் புரதத்தோட தடயத்தைத் தேடினாங்க. பார்க்கின்சன் உள்ளவங்கள்ல சுமார் 88 சதவீதம் பேருக்குக் கிடைச்சுது. வாசனை போனவங்கள்ல இன்னும் அதிகம். சக்கைப்பழக் கதையை நினைச்சுக்கிட்டேன். முதுகுல ஊசி போட்டு எடுக்கிற பரிசோதனைங்கிறதால நம்ம ஊர் ஓபியில நாளைக்கே வராது. முத்தின நிலையில, மாத்திரை சரியாப் பிடிக்காதப்போ, மூளைக்குள்ள மின்முனை வைக்கிற டிபிஎஸ் ஆபரேஷன் இருக்கு. நமக்குப் பக்கத்துல திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல செய்யிறாங்க. மாமாவுக்கு இப்போ அது தேவையில்ல.

டப்பாவை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனோம். அவங்க திட்டல. பொடியை நிறுத்தி, மாத்திரை நேரத்தை மாத்தினாங்க. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும். பருப்பு, முட்டை, மீனோட சேர்த்துப் போட்டா அந்தப் புரதம் மருந்தோட போட்டி போடும். இப்போ காலைல ஆறரைக்கு மாத்திரை. ஏழரைக்கு மேல ரெண்டு மணி நேரம் கை சொன்னபடி கேக்குது. அந்த நேரத்துல கல் பதிக்கிறாரு. மீதி நேரம் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாரு, திட்டிக்கிட்டே. போன வாரம் ஒரு நெத்திச்சுட்டி முடிச்சாரு. பதினோரு நாள் ஆச்சு. "முன்ன ரெண்டு நாள் வேலைடே இது"ன்னு காட்டினாரு. கல் எல்லாம் நேரா இருந்துது.

பெரியவங்களோட நடையையோ தூக்கத்தையோ மொபைல்ல எடுத்து வச்சிருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, ரொம்ப உதவும். கீழ அத்தை சாப்பிடக் கூப்பிடுறாங்க. அடுத்த வாரம் பாப்போம்.