தோல் மருத்துவத்தில் ஓர் ஆய்வுப் பட்டம்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்தர உயிரியல் பிரிவுத் தங்கைமாருக்குப் பயன்படும்படி பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மருத்துவ பீடத்துக்குள் நுழைவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். நுழைந்து வெளியே வந்தபின் திறக்கும் இன்னொரு கதவைப் பற்றிச் சொல்பவர் குறைவு. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள், அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. விசேட வைத்திய நிபுணராக விரும்புபவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பரீட்சை எழுதிப் பயிற்சி பெறுகிறார். அது நோயாளியைக் குணப்படுத்தக் கற்கும் படிப்பு. முதுதத்துவமாணி, கலாநிதி என்பவை வேறு வகை. அவற்றில் ஏற்கனவே தெரிந்ததைக் கற்று ஒப்புவித்தால் போதாது. இதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்விக்கு விடை தேடவேண்டும். நிபுணராவதற்குக் கலாநிதிப் பட்டம் கட்டாயமில்லை. ஆகவேதான் என்னிடம் பலர் கேட்கிறார்கள்: "அப்ப ஏன் பிள்ளை இந்த வயசிலையும் படிப்பு?"

அதற்கு என் விடை ஒரு நோயில் இருக்கிறது. தோல் லீஷ்மேனியாசிஸ் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுளம்பின் மூன்றில் ஒரு பங்கு அளவேயான மணல் ஈ கடிப்பதால் பரவுவது. முகத்திலோ கையிலோ ஒரு சிறு பரு தோன்றும். நோவாது, கடிக்காது. மாதக்கணக்கில் அப்படியே இருந்து மெல்லப் பெருத்துப் புண்ணாகும். நோவு இல்லாதபடியால் "நுளம்புக் கடிதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1992இல் வெளிவந்தது. 2008இல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் அதிகம் காணப்படுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், இங்கே இந்நோயைத் தரும் ஒட்டுண்ணி லீஷ்மேனியா டொனொவானி. 1903இல் லீஷ்மனும், சென்னையில் பணியாற்றிய சாள்ஸ் டொனொவனும் தனித்தனியே விவரித்து எழுதியதால் அவர்களின் பெயரைத் தாங்கியது. இந்தியாவின் பீகார் போன்ற பகுதிகளில் இதே இனம் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும் காலா அசாரை உண்டாக்குகிறது. வைத்தியம் செய்யாவிடில் அது உயிரையே எடுக்கும். அதே இனம் நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுவது ஏன்? ஒட்டுண்ணியின் மரபணுவில் வேறுபாடுகள் காணப்பட்டுள்ளன. ஆனாலும் விடை முழுமையாகவில்லை. லண்டனிலோ பொஸ்டனிலோ இருப்பவர் இதற்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் தீவின் கேள்வியை நாங்கள்தான் கேட்கவேண்டும்.

நான் பதிவு செய்திருக்கும் கேள்வி இதைவிடச் சிறியது: இப்படியான நோவில்லாத தோல் புண்களோடு பெண்கள் கிளினிக்குக்கு ஏன் தாமதித்து வருகிறார்கள்? கேட்க இலேசாக இருக்கும். ஆனால் அந்தச் சிறு கேள்வியைச் சரியாக வரையறுக்கவே எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. பிறகு இதுவரை வந்த ஆய்வுகளை வாசித்தல், முன்மொழிவு எழுதுதல், நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுதல். அதன் பின்னரே ஒரு நோயாளியிடமாவது பேசலாம். நோயை உறுதிப்படுத்தப் புண்ணின் ஓரத்திலிருந்து சிறிது திசுவைச் சுரண்டி எடுத்து, கியெம்சாச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். ஒட்டுண்ணி கண்ணில் படாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பிசிஆர் பரிசோதனை தேவைப்படலாம். பொறுமை இல்லாதவருக்கு இந்தத் துறை சரிவராது.

இதில் எமது பாடசாலை தந்த ஒன்று எனக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. அது தமிழ். ஆய்வில் பங்குபற்றுபவர் விளங்கிக்கொண்டு சம்மதம் தரவேண்டும். ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தால் ஒரு தாய்க்கு அது விளங்காது. "ஆராய்ச்சி" என்றாலே "என்னில பரிசோதனை செய்து பார்க்கப் போறியளோ?" என்று பயப்படுவார்கள். இடையில் விலகினாலும் உங்கள் வைத்தியம் குறையாது என்பதை அவர்கள் நம்பும் தமிழில் சொல்லவேண்டும். "படை" என்று ஒருவர் சொல்வதும் "தேமல்" என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே நோயா என்றும் கேட்டறிய வேண்டும். அதேபோல் சிங்களமும் படியுங்கள். நான் பேசும் தாய்மாரில் பாதிப்பேர் சிங்களத்தில்தான் தங்கள் துன்பத்தைச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. தோல் நோயை விளக்கும் பாடநூற் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. "சிவந்திருக்கும்" என்று நூல் சொல்வது எங்கள் நிறத்தில் ஊதாவாகவோ கருமையாகவோ தெரியலாம். எங்கள் தோலை நாங்கள் பதிவு செய்யாவிட்டால் எங்கள் பிள்ளைகளின் நோயும் பிந்தித்தான் பிடிபடும்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. கலாநிதிப் பட்டத்துக்கு முழுநேரமாகப் படித்தாலும் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேண்டும். நான் பகலில் கிளினிக், இரவில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அதன்பின் என் வீட்டுப்பாடம் என்று ஓடுகிறேன். 2022இன் நெருக்கடியில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் வேலை நின்ற நாட்களை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். என் அம்மாவும் கணவரும் சமையலறையைப் பொறுப்பேற்றிருக்காவிட்டால் இன்று உங்கள் முன் நின்று இதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: மகளை மருத்துவ பீடம் வரை அனுப்பிவிட்டு, கலியாணத்தோடு படிப்பு முடிந்தது என்று கணக்கை மூடாதீர்கள்.

தங்கைமாரே, மூன்று சிறு காரியங்களை இப்போதே தொடங்கலாம். புள்ளிவிபரவியலுக்குப் பயப்படாதீர்கள், கணக்கு இல்லாமல் ஆய்வு இல்லை. வாசித்ததை உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பழகுங்கள். வகுப்பில் விளங்காததை எழுந்து கேளுங்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளை நல்ல வைத்தியராகலாம், ஆய்வாளராவது கடினம்.

எந்தத் துறைக்குப் போக நினைப்பவராயினும், ஆய்வு பற்றிக் கேட்க விரும்பினால் சங்கத்தின் ஊடாக என்னிடம் வாருங்கள். நேரம் ஒதுக்கித் தருவேன்.

நூறாண்டு கண்ட எம் கல்வித்தாய் இன்னும் பல நூறாண்டு வாழ்க.