வீட்டு வரியும் பள்ளிக்கூடமும்



அமெரிக்காவில் அரசுப் பள்ளிகள் நடப்பதற்கான பணத்தில் கணிசமான பங்கு, அந்தந்த வட்டாரத்து வீடு, மனைகளுக்கான வரியிலிருந்துதான் வருகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த பகுதி என்றால் பள்ளிக்கும் வசதி. மற்ற பகுதிகளுக்கு?

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் ஓர் ஏழைப் பகுதி. 1968 மே மாதம் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பள்ளியில் ஜன்னல்கள் உடைந்து கிடந்தன. தகுதியான ஆசிரியர்கள் போதவில்லை. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். முன்னால் நின்றவர் டிமெட்ரியோ ரோட்ரிகஸ், தகரப் பட்டறைத் தொழிலாளி.

வழக்கில் வெளிவந்த கணக்கைக் கேளுங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். பக்கத்துப் பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். ஆனால் உள்ளூர் வரியால் ஒரு மாணவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அங்கே 333 டாலர்! கூடுதலாகக் கட்டியவர் பிள்ளைக்கே குறைவு. இதை எப்படி நியாயம் என்பது?

ஆனாலும் 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டு எழுதினார்.

எட்ஜ்வுட் விடவில்லை. மாநில நீதிமன்றத்துக்குப் போனது. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. 1993இல் வந்த சட்டப்படி, பணக்கார வட்டாரங்களின் உபரி வரியில் ஒரு பகுதி மற்றப் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியது.