தைமஸ் சுரப்பியும் சத்திரவைத்தியரின் வழியும்



காலையிற் கணீரென்ற குரலில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை, பிற்பகலில் ஒரு பந்தியை வாசித்து முடிக்குமுன் குரல் மூக்கடைத்தாற்போலாகி, இமைகள் சரிய நின்றார். அதனை அசட்டையென எண்ணிக் கடிந்துகொண்ட அதிபர் நானே. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோய் அதுவென்று வைத்தியர்கள் பின்னர் கண்டறிந்தார்கள்.

நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் வாயில்களை, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருள்களே தாக்குவதால் வருவது இந்நோய். இயங்க இயங்கத் தசையின் வலிமை குன்றும். ஓய்ந்தாற் சற்றே மீளும். மூச்சுத் தசைகளைப் பற்றினாலோ உயிருக்கே ஆபத்து.

மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமஸ் சுரப்பிக்கு இதிற் பங்குண்டு. 1936 இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், அல்பிரட் பிளாலொக் என்னும் சத்திரவைத்தியர் ஓர் இளம் பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார். அவளுடைய நோய் தணிந்தது. கட்டியில்லாதவர்க்கும் சுரப்பியை அகற்றுவதால் நன்மையுண்டா என்ற வழக்கு நெடுங்காலம் தீரவில்லை. 126 நோயாளரைக் கொண்டு நிகழ்த்திய சோதனையொன்றின் முடிவு 2016 இல் வெளிவந்தது. பிரெட்னிசோன் மருந்தோடு சத்திரசிகிச்சையும் பெற்றோர், மருந்து மட்டும் பெற்றோரைவிட மூன்றாண்டுகளில் வலிமை கூடியிருந்தனர். அவர்களுக்கு மருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது. ஆயினும் நோயாளர் அனைவர்க்கும் இச்சிகிச்சை பொருந்துவதில்லை.

அச்சோதனையிற் கையாண்டது மார்பெலும்பைப் பிளந்து செய்யும் முறை. இன்றோ விலா எலும்புகளினிடையே சிறு துளைகளிட்டு, கமராவின் துணையோடும், சில இடங்களில் இயந்திரக் கரங்களாலும் சுரப்பியை எடுக்கின்றனர். நோவு குறைவு, சில நாட்களில் வீடு திரும்பலாம். பிளந்த எலும்பு பொருந்தவோ வாரக்கணக்காகும். அப்படியானால் துளை வழியே மேலானதென்று சொல்லிவிடலாமே என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன்.

ஆனால் தைமஸ், பெட்டிக்குள் வைத்த பொருளைப்போல் ஓரிடத்தில் அடங்கியிருப்பதன்று. கழுத்திலும் மார்பின் கொழுப்பிலும் அதன் துணுக்குகள் சிதறிக்கிடக்குமென அல்பிரட் ஜாரெட்ஸ்கி என்னும் சத்திரவைத்தியர் எடுத்துக்காட்டினார். அவற்றை விட்டுவைத்தால் நோய் நீடிக்கக்கூடும். அருகே ஓடும் உதரவிதான நரம்பு பழுதுபட்டால், ஏற்கெனவே தளர்ந்த மூச்சு மேலும் தளரும். தேர்ந்த கையினர் துளைவழியாகவும் நல்ல பலன் காண்கின்றனர். அயலுறுப்புக்களிற் பரவிய பெருங்கட்டியாயின் மார்பைத் திறப்பதே பெரும்பாலும் வழக்கம். தழும்பின் நீளத்தைக் கேட்குமுன், முழுவதையும் எடுக்க முடியுமா என்று கேட்பதே முறை என்பது என் துணிபு.

எங்கள் ஆசிரியை அதைத்தான் கேட்டார். துளைவழி தொடங்குவதாகவும், நரம்பு தெளிவாகத் தெரியாவிடின் மார்பைத் திறப்பதாகவும் சத்திரவைத்தியர் சொன்னார், அவரும் இசைந்தார். திறக்க நேரவில்லை. ஆயினும் பலன் மறுநாளே வருவதன்று. குரல் தேற ஓராண்டுக்கு மேலாயிற்று. மருந்தை இன்னும் முற்றாக விடவில்லை. நேரசூசியிற் கடைசிப் பாடவேளையை நான் அவருக்கு இடுவதில்லை.