மின்காரும் பெட்ரோல் காரும்: நடைமுறைக்கு உகந்தது எது?

மின்கார் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் இயங்கின. 1912இல், கைப்பிடியைச் சுழற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் மின்கருவி காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தது. மின்கார் பின்தங்கியது. இந்தியாவில் 2001இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ரேவா, காரீய-அமில மின்கலங்களைக் கொண்டு ஒரு மின்னேற்றத்தில் சுமார் 80 கிலோமீட்டரே ஓடியது. லித்தியம்-அயனி மின்கலத்தின் விலை இறங்கிய பின்னரே போட்டி மீண்டும் உயிர்பெற்றது.

முதலில் ஆற்றலைக் கருதுவோம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு கிலோ எடையுள்ள மின்கல அடுக்கில் கால் யூனிட்டும் இல்லை. ஆயினும், பெட்ரோல் எஞ்சின் தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரில் இவ்விழப்பு மிகக் குறைவு.

அடுத்தது செலவு. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்றையும், யூனிட் 8 ரூபாய் மின்சாரத்தில் 7 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்றையும் எடுத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்தரை ரூபாய் மிச்சமாகும். மின்காரின் விலை 3 லட்சம் ரூபாய் கூடுதல் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் அத்தொகை நாலரை ஆண்டுகளில் ஈடாகும். 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் 18 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் மின்கலமே தேய்ந்துவிடக்கூடும். எனவே மிகுதியாக ஓடும் டாக்சி, ஆட்டோ, நகரப் பேருந்து ஆகியவற்றிற்கே மின்சாரம் முதற்கண் பொருந்துகிறது.

மின்னேற்றம் மற்றொரு சிக்கல். பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். 30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தை வீட்டிலுள்ள 3.3 கிலோவாட் இணைப்பில் நிரப்ப ஓர் இரவு வேண்டும். சொந்த நிறுத்துமிடம் உள்ளவருக்கு இது எளிது. அடுக்குமாடியில் குடியிருந்து தெருவோரம் வண்டியை நிறுத்துபவருக்கோ இதுவே பெருந்தடை.

நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து கிடைப்பதால், புகை நகரத்தை விட்டு அனல்மின் நிலையத்திற்கு இடம் மாறுகிறது என்ற வாதமும் உண்டு. இதில் உண்மை உள்ளது. ஆனால் சூரிய ஒளியும் காற்றாலையும் பெருகப் பெருக, இன்று வாங்கிய மின்காரே நாளடைவில் தூய்மை பெறும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்திற்கு மேல் இறக்குமதியே. லித்தியமும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆனால் எண்ணெய் ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது; மின்கலத்தின் உலோகங்களை மீட்டெடுக்கலாம். 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகள் அப்பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

2019இல் மின்வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிச் சலுகை வாங்குபவருக்கு உதவும். தெருவோர மின்னேற்ற வசதியும் பேருந்துப் பணிமனைகளில் மின் இணைப்பும் ஏற்படும்போதுதான், சொந்த நிறுத்துமிடம் இல்லாதவரையும் அப்பயன் சென்றடையும். திட்டமிடுவோர் முன்னுரிமை தர வேண்டியது இப்பணிகளுக்கே.