நான்கு ஆட்டங்கள் சொல்லும் கணக்கு

(தோட்டத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நமது ஹாக்கிக் குழு இந்தப் பருவத்தில் நான்கு பந்தயங்கள் ஆடியிருக்கிறது. முதல் ஆட்டத்தில் 4-1 என்றும், இரண்டாவதில் 2-0 என்றும் தோற்றோம். மூன்றாவது 2-2 என்று சமமாக முடிந்தது. நான்காவதில் 2-1 என்று வென்றோம். இதற்குள்ளேயே, "கோல் காவலரை மாற்று, வயதானவர்களை நீக்கு, குழுவையே கலைத்துவிடு" என்று பெரட்டுக் களத்திலும் கடைத் திண்ணையிலும் பேச்சு எழுந்திருக்கிறது. பேசுகிறவர்கள் நம்மவர்களே. குழுவின் மீதுள்ள பாசத்தினால்தான் பேசுகிறார்கள். ஆனாலும் தீர்ப்புச் சொல்லுமுன் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

நாங்கள் கணக்கு எழுதிப் பழகியவர்கள். ஆகவே, விழுந்த ஒவ்வொரு கோலையும் எந்த நிமிடத்தில் விழுந்தது என்று குறித்து வைத்தோம். நான்கு ஆட்டங்களிலும் நாம் போட்டது 5 கோல், வாங்கியது 9 கோல். நாம் போட்ட ஐந்தும் முதல் 45 நிமிடங்களில் போட்டவை. அதே 45 நிமிடங்களில் நாம் வாங்கியவை மூன்றே மூன்று. மற்ற ஆறு கோல்களும் கடைசிக் கால் பகுதியாகிய 15 நிமிடங்களில் விழுந்தன. அதாவது, முக்கால் பங்கு ஆட்டம் வரை நம் பிள்ளைகள் எதிரிக்கு இளைத்தவர்கள் அல்லர். கடைசிக் கால் பங்கில்தான் கால் தளர்கிறது.

ஏன் தளர்கிறது? இங்கேதான், தோழர்களே, நாங்கள் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மைதான ஓரத்தில் நின்றுகொண்டு, "உடம்பில் வலு இல்லை, ஊக்கம் இல்லை" என்று கத்தியவர்களில் நாங்களும் உண்டு. பிறகு செக்ரோலைப் புரட்டிப் பார்த்தோம். தோற்ற இரண்டு ஞாயிறுகளிலும், சமமாக முடிந்த ஞாயிறன்றும், பதினொருவரில் ஏழு பேர் விடியுமுன் காட்டுக்குள் இறங்கி மரம் வெட்டியிருக்கிறார்கள். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சோற்றை வாயில் போட்டதும் போடாததுமாக நாலு மணி ஆட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். நான்காவது ஞாயிறு காலையில் மழை. வெட்டு இல்லை. பிள்ளைகள் உறங்கி எழுந்து வந்தார்கள். அன்று கடைசிக் கால் பகுதியில் ஒரு கோல்கூட விழவில்லை. ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து உறுதி கூற முடியாதுதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அந்த ஞாயிறு வேலைப் பட்டியலை எழுதியது எங்கள் கைதான்.

"அப்படியானால் ஞாயிறு வேலையை விட்டுவிடட்டுமே" என்று சொல்வது எளிது. ஓய்வு நாள் வேலைக்குக் கூடுதல் கூலி உண்டு. அந்தக் கூலியில் தங்கையின் பள்ளிச் செலவும் தாயின் மருந்துச் செலவும் அடங்கியிருக்கின்றன. விளையாட்டுக்காக ஒருவன் வீட்டுச் சோற்றில் கைவைக்கும்படி சங்கம் சொல்லலாமா? கூடாது. பந்தயம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. பந்தயம் இல்லாத ஞாயிறுகளில் ஆட்டக்காரர்கள் வெட்டட்டும், பந்தய ஞாயிறுகளில் மற்றவர்கள் வெட்டட்டும். முறையை மாற்றி எழுதினால் எவருக்கும் கூலி குறையாது.

இன்னொரு குறை ஷார்ட் கார்னர். வாங்கிய ஒன்பதில் நான்கு கோல்கள் இதில் விழுந்தவை. கோல் கோட்டுக்குப் பின்னே நிற்கும் ஐவர் யார் யார், பந்து புறப்பட்டதும் முதலில் பாய்ந்து ஓடுகிறவர் யார் என்று நாம் இன்னும் நிலைப்படுத்தவில்லை. ஆட்டத்துக்கு ஓர் ஐவர் நின்றால் கோல் காவலர் என்ன செய்வார்? பழியை அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று.

ஆரம்பத்தை மட்டும் பார்த்துக் குழுவை அளக்கலாகாது என்பதற்குக் கோலாலம்பூரே சாட்சி. 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா தன் பிரிவு ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றது. அதே இந்தியாதான் மார்ச் 15ஆம் நாள் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. இடையில் அரையிறுதியில் நம் மலேசியக் குழு அவர்களை 2-1 என்று முந்தி நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு ஷார்ட் கார்னரில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 3-2 என்று நாம் தோற்றோம். 2023இல் சென்னையில் நடந்த ஆசியச் சாம்பியன் கிண்ணப் போட்டியில், முதல் சுற்றில் இந்தியாவிடம் 5-0 என்று தோற்ற நம் நாட்டுக் குழு, இறுதி ஆட்டத்தின் பாதி வரை அவர்களையே 3-1 என்று முந்தி நின்றது. முடிவில் 4-3 என்று தோற்றது. முதல் தோல்வி முடிவன்று என்பதும், கடைசி நிமிடங்களில்தான் ஆட்டம் கைமாறுகிறது என்பதும் இவற்றிலிருந்து விளங்கவில்லையா?

உங்களுக்குத் தெரியாததா? புது மரத்தில் முதல் வெட்டுப் போட்ட சில நாள்களுக்குப் பால் குறைவாகத்தான் வரும். அதற்காக மரத்தைச் சாய்ப்பவன் உண்டா? பால் போதவில்லை என்று கத்தியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம்பட்டு, மறுபட்டை கோணலாக வளரும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பந்தய ஞாயிறுகளின் வேலை முறையை மாற்றும்படி கிளையின் பெயரால் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுப்போம். வாரத்தில் இரண்டு மாலை ஷார்ட் கார்னரை மட்டுமே பழகுவோம். இன்னும் நான்கு ஆட்டங்கள் முடியும்வரை யாரையும் நீக்குவதில்லை என்று முடிவு செய்வோம். அதற்குப் பிறகும் குறை நீங்காவிட்டால், இதே மேடையில் நின்று முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே.