மார்க்குக்கு ஏத்த காலேஜா?

(பாளையங்கோட்டையில் பிளஸ் டூ முடித்த மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கல்வியாளன் இல்லை. வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன், அப்பப்ப கவிதை எழுதுகிறவன். அதனால் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1907இல் பம்பாயில் ஒரு மகர் பையன் மெட்ரிக் தேறினான். 750க்கு 282 மார்க். அந்தச் சீட்டை நம்ம ஊரில் காட்டினால் 'உன் மார்க்குக்குப் பெரிய காலேஜ் எதுக்குப்பா?' என்பார்கள். அந்தப் பையன் எல்பின்ஸ்டன் கல்லூரிக்குப் போனான். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனான். அவர்தான் அம்பேத்கர்.

எனக்கும் 'தரம்' சொன்னார்கள். சேரன்மகாதேவிப் பக்கத்து ஆற்றங்கரை ஊரிலிருந்து அய்யாவோடு பஸ் ஏறி வந்தேன். ஆங்கில இலக்கியம் படிக்க ஆசை. விண்ணப்பம் வாங்கியவர் மார்க்கைப் பார்க்கவில்லை, சாதிச் சான்றிதழைப் பார்த்தார். 'இங்கிலீஷ் உனக்குக் கஷ்டம்லே, ஹிஸ்டரி எடு' என்றார். அய்யா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வரலாறு மட்டமான பாடமில்லை. எனக்காக இன்னொருத்தர் முடிவு செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தக் குரல் கடல் தாண்டியும் கேட்கிறது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்கேலியா, கறுப்பின மாணவர்களுக்கு வேகம் குறைந்த கல்லூரிகளே நல்லது என்று வாதிடுகிறவர்கள் உண்டு என்றார். நம் பக்கத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது? நன்றாகப் படித்த நம் பிள்ளையை, அதே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கச்சிக்கும் வெட்டு. மார்க் குறைஞ்சா 'உன் தரம் இது', கூடினா அரிவாள். அந்தப் பிள்ளை 2024இல் பிளஸ் டூ தேறினான்.

ஆனா வீராப்பு மட்டும் போதாது. பெரிய கல்லூரியில் சேர்ந்து, பாடம் புரியாமல் முதல் வருஷமே பெட்டியோடு ஊர் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் மட்டமில்லை, கைகொடுக்க ஆளில்லை. அதனால் சேரும் முன்னே கேளுங்கள்: ஹாஸ்டல் உண்டா? ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு உண்டா? நம் சீனியர்கள் எத்தனை பேர் முடித்து வெளியே வந்தார்கள்?

இன்னும் மூன்று விஷயம். 31 விழுக்காடு பொது இடம் 'அவங்களுக்கு' இல்லை, எல்லாருக்கும். மார்க் இருந்தால் அதில் நுழையுங்கள். நம் 18 விழுக்காட்டில் ஒரு இடம் இன்னொரு பிள்ளைக்கு மிஞ்சும். கட்டணத்துக்கு 2012ஆம் ஆண்டு அரசாணை 92 இருக்கிறது. கிறிஸ்தவரான தலித் பிள்ளைகளுக்கும் அது உண்டு. கல்விக் கடன் நாலு லட்சம் வரை அடமானம், வெளியாள் ஜாமீன் எதுவும் தேவையில்லை. பெற்றோர் கையெழுத்து போதும். கவுண்டரில் யாராவது வேறு சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

படித்து வேலைக்குப் போன நாம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், எந்தக் கல்லூரியும் நம் பிள்ளைக்குப் பெரிசில்லை. சனிக்கிழமை நான் வருகிறேன். விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.